பெட்டி அண்ணனுக்கு, குழாய் தம்பிக்கு

வாங்க கண்ணுகளா, கிட்டே வந்து உட்காருங்க. அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வாங்க, பாதியில் எழுந்து ஓடக் கூடாது. இன்றைக்குச் சொல்லப் போவது முதலில் கொஞ்சம் கசக்கும், அப்புறம் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். என்னை நம்பி உட்காருங்க.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டே வார்த்தை. நம் மைக் செட் குடும்பத்தில் அண்ணன் நீலக்கொடிக் கட்சி, தம்பி மஞ்சள்கொடிக் கட்சி. அப்பா இருந்தவரைக்கும் கல்யாணமோ கருமாதியோ இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக ஒயர் இழுத்தவர்கள்தான். போன தேர்தலில் ஒரே நாளில் இரண்டு கட்சிக்கும் கூட்டம் வந்தது. இருந்தது ஒரே ஒரு செட். யார் கூட்டத்துக்குக் கொடுப்பது என்று ஆரம்பித்த பேச்சு, சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு வந்து, பாகப்பிரிவினையில் முடிந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் மைக்கும் அண்ணனுக்கு. குழாய் ஸ்பீக்கரும் ஒயரும் தம்பிக்கு.

பெட்டி மட்டும் இருந்தால் சத்தம் எங்கே வரும்? குழாய் மட்டும் இருந்தால் அதில் எதை ஊதுவது? ஆளுக்குப் பாதியை வேறு கடையில் வாடகைக்கு எடுத்து, முழுசை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒருவருக்குப் பெட்டிக்காரர், இன்னொருவருக்குக் குழாய்க்காரர் என்று பெயரே நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

இந்த இரண்டு பேருக்கும் ஒரு தங்கை. எங்கள் தெரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரி என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள், மாடியில் மூன்று அறை, அவ்வளவுதான். கீழ் அறை ஒரு காலத்தில் பேப்பர் படிக்கிற இடமாக இருந்தது. எந்தக் கட்சிப் பேப்பரை வாங்குவது என்று அங்கேயும் சண்டை வந்து, நீலக்காரர்கள் ஒரு பூட்டு, மஞ்சள்காரர்கள் ஒரு பூட்டு என்று இரண்டு பூட்டு தொங்குகிறது.

இப்போது நகரசபையிலிருந்து சொல்லிவிட்டார்கள். பழைய இடத்திலேயே பழுது பார்ப்பதா, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுசாகக் கட்டுவதா, தெருக்காரர்கள் கூடி ஒரே முடிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியையே எடுத்துவிடுவோம் என்று. நீலக்காரர்கள் கூட்டிய கூட்டத்துக்கு மஞ்சள்காரர்கள் வரவில்லை. மஞ்சள்காரர்கள் கூட்டியதற்கு நீலக்காரர்கள் வரவில்லை. கடைசியாக இன்னொரு கூட்டம். கூட்டியவள் நம் நர்ஸ்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பெரிய அண்ணனிடம் போய்ப் பெட்டி வேண்டும் என்றாள். சின்ன அண்ணனிடம் போய்க் குழாய் வேண்டும் என்றாள். மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேரிடமும் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில்தான் போன வாரம் நிறுத்தினேன்.

காலையில் பெட்டிக்காரர் வீட்டில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி டீ ஊற்றினாள். பாதி கிளாஸில் விழுந்தது, பாதி சமையல் மேடையில் விழுந்தது. அவர் கிளாஸை மெதுவாக நகர்த்தி டீ விழுகிற இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். இதைப் பல நாளாகச் செய்துகொண்டிருக்கிறார்.

"தம்பியும் வருவாரா?" என்றாள்.

"யாரு வந்தா எனக்கென்ன? பெட்டியை வெப்பேன், மைக்கை நட்டு வெப்பேன், ஓரமா உக்காந்துருவேன். யாரோடவும் பேச மாட்டேன்."

"பேசாம மைக் செட் போடற முதல் ஆளு நீங்கதான்."

"நீ வர வேண்டாம். ரோடு தாண்டணும்."

"நாத்தனார் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. நான் வருவேன்." அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "என் ஆஸ்பத்திரி அது. நான் வராம யாரு வருவா?"

அந்தப் பக்கம் குழாய்க்காரர் வீட்டிலும் இதே பேச்சுதான். அவர் மனைவி சின்னவள் ஒயரைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டாளாம், "அங்க மாமாவை, உங்க அண்ணனைப் பாத்தா என்ன செய்வீங்க?" என்று. அவர், "எந்த மாமா?" என்றாராம். "சரி, அப்ப எனக்கு மட்டும்தான் மாமா" என்று அவள் ஒயரை அவர் தோளில் மாட்டிவிட்டாளாம். அவளுக்கும் பெட்டிக்காரர் மனைவியான பெரியவளுக்கும் பேச்சு ஒரு நாளும் நிற்கவில்லை, அது வேறு கதை. மருந்து வாங்க வருகிற சாக்கில் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள்.

கூட்டம், பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற சமுதாயக் கூடத்தில். நாற்காலிகளை யாரும் பிரித்துப் போடவில்லை. ஆனால் வந்தவர்கள் நீலம் இந்தப் பக்கம், மஞ்சள் அந்தப் பக்கம் என்று தாங்களாகவே உட்கார்ந்து, நடுவில் ஒரு சந்து விழுந்துவிட்டது. நகரசபை அதிகாரி அம்மா மேடை ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்கிற முகம்.

அண்ணன் மேடையில் பெட்டியை வைத்தார். தம்பி கூடத்தின் கடைசியில் ஏணி போட்டுக் குழாயைக் கட்டினார். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாத மாதிரி வேலை நடந்தது. மைக் எங்கே நிற்கும் என்று தம்பி கேட்கவில்லை. குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அண்ணன் பார்க்கவில்லை. பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் பாருங்கள், ஒரு ஊளை! குழாய் நேராக மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் அழுதன. காதைப் பொத்திக்கொள்ளாத ஆள் இல்லை.

மைக்கை நகர்த்தினால் போதும், குழாயைத் திருப்பினால் போதும். ஆனால் அதற்கு ஒருவர் ஒருவரிடம் சொல்ல வேண்டுமே.

"பாப்பா," என்றார் அண்ணன் தங்கையிடம், "குழாயைக் கொஞ்சம் வெளிப்பக்கமாத் திருப்பச் சொல்லு."

"பாப்பா," என்றார் தம்பி ஏணி மேலிருந்து, "முதல்ல வால்யூமைக் குறைக்கச் சொல்லு. பெட்டி வெச்சிருந்தாப் போதுமா, திருகத் தெரிய வேண்டாமா?"

"அவரைக் குழாய் கட்டத் தெரிஞ்சுக்கச் சொல்லு!"

நர்ஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நான் என்ன ஒயரா? இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு என் வழியா ஓட்டறீங்க! நான் போறேன், ஊளையே கேட்டுட்டு உக்காந்திருங்க."

கூட்டம் சிரித்தது. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அண்ணன் மைக்கை நகர்த்தினார். தம்பி குழாயைத் திருப்பினார். ஊளை அடங்கியது. அப்புறம் பழக்கம் இருக்கிறதே, அது ஆளை விடாது. அண்ணன் மைக்கில் வாயை வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா?" என்றார்.

கடைசியில் தம்பி ஒயரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, "கேக்குது. கரகரங்குது" என்று ஒரு குரல்.

"இப்ப?"

"இப்ப சரி."

இவர்கள் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். கேட்கிறது என்று சொன்னால் போதாது, என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும். மைக்கில் இருப்பவர் ஒரு வாக்கியம் சொல்வார். கடைசியில் நிற்பவர் அதை அப்படியே திருப்பிக் கத்துவார். வார்த்தை மாறினால் எங்கோ ஒயர் லூஸ் என்று அர்த்தம். அண்ணனுக்கு அது வாயில் தானாக வந்தது.

"இன்னிக்குக் கூட்டம் நம்ம ஆஸ்பத்திரி விஷயமா."

"இன்னிக்குக் கூட்டம் நம்ம ஆஸ்பத்திரி விஷயமா!" என்று தம்பி கத்தினார். கத்திவிட்டு, இவரோடா பேசினோம் என்று திரும்பிக்கொண்டார்.

நடுவில் நின்ற தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன வயசில் ஒயர்ச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு இதே மாதிரி நடுவில் நின்றவள்தானே. அவளுக்கு அந்த நிமிஷம் ஒன்று தோன்றியது. போய் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இங்க யாரு வேணும்னாலும் பேசலாம். ஒரே ஒரு நிபந்தனை. ஒருத்தர் பேசினதும், பதில் சொல்ல வர்றவரு முதல்ல அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லணும். ஆமா, நான் சொன்னது இதுதான்னு அவர் ஒத்துக்கிட்ட பிறகுதான் உங்க பேச்சு."

மஞ்சள் பக்கத்து வக்கீல் எழுந்தார். "இது என்னம்மா, பள்ளிக்கூடமா?"

"பள்ளிக்கூடத்துல திருப்பிச் சொன்னாப் போதும் சார். இங்க சொன்னவர் தலையாட்டணும். அது இன்னும் கஷ்டம்."

அதிகாரி அம்மா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

யார் முதலில் என்று எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தபோது, குழாய்க்காரர் ஏணியை விட்டு இறங்கி வந்தார்.

"எனக்குப் புதுக் கட்டடம் வேணும். ஏன்னா இந்தப் படி செங்குத்தாப் போகுது. நம்ம டைலரு காலு விளங்காதவரு. மாசா மாசம் அவரை நாற்காலியோட மாடிக்குத் தூக்கிட்டுப் போறது நான்தான். ஒரு தடவை பாதிப் படியில பிடி நழுவிருச்சு. விழலை. ஆனா அவர் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு பாருங்க, அந்த முகம் எனக்கு இன்னும் போகலை. அவ்வளவுதான்."

மறுபேச்சுக்கு எழுந்தது பெட்டிக்காரர். "தம்பிக்குப் புதுக் கட்டடம் வேணுமாம். கட்டடம் வந்தா கான்ட்ராக்ட் வரும், கான்ட்ராக்ட் வந்தா கமிஷன்…"

"பெரியண்ணா," என்றாள் தங்கை. "அது நீங்க நினைக்கிறது. அவர் சொன்னது என்ன?"

நீலப் பக்கத்திலேயே யாரோ சிரித்தார்கள். பெட்டிக்காரருக்குக் காது சிவந்துவிட்டது. மைக்கைச் சரி செய்கிற மாதிரி கொஞ்ச நேரம் திருகினார்.

"படி செங்குத்தா இருக்கு. நம்ம டைலரை…" நிறுத்தினார். டைலர் நீலக்கொடிக்காரர். முன் வரிசையில்தான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நம்ம டைலரைத் தூக்கிட்டுப் போறது இவன்தான். ஒரு தடவை பிடி நழுவிருச்சு. அவர் பயந்துட்டாரு. அதனால படி வேண்டாம்ங்கறான்." டைலரைப் பார்த்தார். "நிஜமாவா? எங்க ஆளுங்க தூக்கலையா?"

"உங்க ஆளுங்க கூட்டத்துக்கு என்னைத் தூக்கிட்டு வருவாங்க," என்றார் டைலர். "ஆஸ்பத்திரிக்குத் தம்பிதான். ஒரு நாளும் அவரு என் கொடி என்னன்னு கேட்டதில்லை. நான் இதை எங்க போய்ச் சொல்றது? அந்தப் பக்கத்து ஆளைப் புகழ்ந்தேன்னு ஆயிரும்னு இருந்துட்டேன். இப்ப சொல்றேன், நல்லா இருப்பே தம்பி."

குழாய்க்காரர் தலையாட்டினார். "ஆமா. நான் சொன்னது இதுதான்."

இப்போது அண்ணன் முறை. நிதானமாகத்தான் ஆரம்பித்தார். பழைய கட்டடம் உறுதி, சுவர் நல்ல சுவர் என்று என்னென்னவோ. பேசப் பேசக் குரல் ஏறியது. "அந்தப் பெரிய ரோட்டை நீங்க தாண்டிருவீங்க, நான் தாண்டிருவேன். கண்ணு தெரியாதவங்க என்ன செய்வாங்க? லாரி வர்றது அவளுக்கு எப்படித் தெரியும்? சத்தம் கேட்டு, நின்னு, கேட்டு, நின்னு… என் வீட்டுல இருக்கிறவளுக்குச் சர்க்கரையில ஒரு கண்ணு போயிருச்சு, இன்னொன்னு மங்கிக்கிட்டே வருது. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவ. இந்தப் பக்கம் கட்டிட்டீங்கன்னா அவ எப்படி வருவா, சொல்லுங்க!"

 அவர் இதைச் சொல்ல நினைத்து எழுந்தவர் இல்லை. வாயை விட்டு விழுந்துவிட்டது. அவர் மனைவி பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். தங்கைக்கு இது முன்னமே தெரியும். மருந்து கொடுக்கிறவள் வெளியில் சொல்லக் கூடாதே என்று நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"அண்ணிக்கா?" என்றார் குழாய்க்காரர்.

தங்கை பக்கம் திரும்பினார்.

"அண்ணிக்கா பாப்பா? எப்பலேருந்து?"

தங்கைக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "திருப்பிச் சொல்லுங்க சின்னண்ணா. அப்புறம் கேளுங்க."

அவர் மைக்குக்கு வந்தார். அம்மா போன பிறகு சோறு போட்டு வளர்த்தவள் அந்த அண்ணி. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரோடு பெருசு. லாரி வரும். அண்ணிக்கு… அண்ணிக்குக் கண்ணு…" அதற்கு மேல் வரவில்லை. மைக் அந்த மூச்சையும் சேர்த்துக் குழாயில் கொடுத்தது. அவரே கட்டிய குழாய், கொஞ்சம்கூடக் கரகரப்பு இல்லை.

பெண்கள் வரிசையிலிருந்து பெரியவள்தான் எழுந்தாள். "ஆமா தம்பி. சரியாத் தெரியலை. நீங்க சாயங்காலம் நம்ம வாசலைத் தாண்டிப் போறப்ப முகம் தெரியாது. நடையை வெச்சு நீங்கதான்னு தெரிஞ்சுக்குவேன். நம்ம வீட்டுக்கிட்ட வந்ததும் நடை கொஞ்சம் நிதானமாகும். அது போதும்னு இருந்தேன்."

அவர் நடை நிதானமாவது அவருக்கே தெரியாது கண்ணுகளா. அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது.

"ஆமா," என்றார் அண்ணன் மெதுவாக. "நான் சொன்னது இதுதான்."

 வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது சின்னவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, பக்கத்து வீட்டில் ஏதோ கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஒருத்தருக்குப் படி ஆகாது, ஒருத்தருக்கு ரோடு ஆகாது. சரி. படியும் இல்லாம ரோடும் தாண்டாம, ஆஸ்பத்திரிக்குக் கீழயே ஒரு ரூம் பூட்டிக் கிடக்கே. அது யாருக்கு ஆகாது?"

பாருங்கள், அந்த அறையைத் தாண்டித்தான் எல்லோரும் தினமும் படியேறுகிறார்கள். அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எதிர்க்கட்சிக்காரர்களின் அநியாயம்தான் ஞாபகம் வருமே தவிர, உள்ளே ஒரு அறை இருப்பது ஒருவருக்கும் ஞாபகம் வந்ததில்லை.

அதிகாரி அம்மா எழுந்தேவிட்டார். "அறை பெருசா?"

"மூணு கட்டில் போடலாம்," என்றாள் நர்ஸ். "தண்ணிக் குழாய் இருக்கு. வாசல்ல ஒரு சரிவு போட்டா டைலர் அண்ணன் தானே உருட்டிக்கிட்டு உள்ள வந்துருவாரு."

"இதுக்கு இந்தத் தெருவுல யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

நீலம் மஞ்சளைப் பார்த்தது, மஞ்சள் நீலத்தைப் பார்த்தது. டைலர்தான் முதலில் கையைத் தூக்கினார், ஆட்சேபத்துக்கு இல்லை, சம்மதத்துக்கு. அப்புறம் வக்கீல். அப்புறம் எந்தக் கை எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"திங்கட்கிழமை காலையில வந்து பாக்கறேன்," என்றார் அதிகாரி. "அன்னிக்கு அந்தக் கதவு திறந்திருக்கணும். பூட்டியிருந்தா என் கையில ஒண்ணும் இல்லை, சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை என்ன, இப்போதே திறப்போம் என்று கூட்டமே எழுந்து ரோட்டைத் தாண்டி அந்த அறைக் கதவுக்கு நடந்தது. நீலப் பூட்டின் சாவி கட்சிக் கிளைச் செயலாளர் என்கிற முறையில் பெட்டிக்காரர் இடுப்பிலேயே இருந்தது. துரு ஏறி முரண்டு பிடித்தது. எண்ணெய் விட்டு, அதட்டி, ஒருவழியாகத் திறந்தார். எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். மஞ்சள் பூட்டு அவர் பொறுப்பு.

அவர் சட்டைப் பையைத் தொடக்கூட இல்லை. முகம் வெளுத்துவிட்டது.

"என்கிட்ட இல்லை," என்றார். "எங்க கட்சி மாவட்டத்துக்காரரு வாங்கிட்டுப் போயிட்டாரு. எதுக்குன்னு நான் கேக்கலை."

நீலப் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. "பாத்தீங்களா!" என்றது ஒரு குரல். "நம்ம பூட்டைத் திறக்க வெச்சுட்டு…" என்றது இன்னொன்று. அவ்வளவு பாடுபட்டு மூடிய சந்து மறுபடி பிளக்கப் பார்த்தது. நர்ஸ் கையில் மைக்கும் இல்லை.

பெட்டிக்காரர் தம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றார். மைக்கே தேவைப்படவில்லை அந்தக் குரலுக்கு.

"சாவி தன்கிட்ட இல்லைங்கறான். மாவட்டத்துக்காரரு வாங்கிட்டுப் போனாருங்கறான். எதுக்குன்னு இவன் கேக்கலை." தம்பி பக்கம் திரும்பினார். "இதானேடா சொன்னே?"

"ஆமாண்ணே."

"அவ்வளவுதான். என் தம்பி சொன்னதை நான் கேட்டுட்டேன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாளைக்குக் காலையில போய் வாங்கிட்டு வருவோம். நானும் போறேன்."

"அண்ணே, அவரு வீட்டுல உன்னைக் கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க."

"அதனால என்ன? நீ உள்ள போய்ப் பேசு. நான் வெளியில கடைசியில நிக்கிறேன். சரியாக் கேக்குதான்னு அங்கேருந்து சொல்றேன்."

தம்பி சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். மாவட்டத்துக்காரர் சாவியைக் கொடுப்பாரா, புதுக் கட்டடத்தில் அவருக்கு என்ன கணக்கு இருக்கிறது, அது எனக்கே இன்னும் முழுசாகத் தெரியவில்லை. தம்பி முகத்தைப் பார்த்தால் லேசில் கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் கூடத்திலிருந்து பெட்டி, குழாய், மைக், ஒயர் எல்லாம் ஒரே வண்டியில் ஏறின. யாரும் ஏற்றச் சொல்லவில்லை. அண்ணன் வண்டியைத் தள்ளினார், தங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், சின்னவள் முன்னால் போய் வழி விலக்கினாள். பெரிய ரோட்டுக்கு வந்ததும் தம்பி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நில்லுங்க அண்ணி, லாரி வருது."

"தெரியுது தம்பி. சத்தம் கேக்குதே."

"போயிருச்சு. இப்ப வாங்க."

வாசலுக்கு வந்ததும் அவர் நடை நிதானமானது. இந்தத் தடவை தாண்டிப் போகவில்லை, செருப்பைக் கழற்றினார்.

இதைப் பார்க்கக் கொடுத்து வைத்தேனே என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. கூடத்தில் கை தூக்கிய அத்தனை பேருக்கும் நன்றி. கொடி கேட்காமலே டைலரைத் தூக்கிய தம்பிக்கும், பெட்டியையும் குழாயையும் கேட்டு வாங்கிய தங்கைக்கும் நன்றி. பொறுமையாக இவ்வளவு தூரம் என் கூட வந்த உங்களுக்கும் நன்றி கண்ணுகளா.

உங்கள் வீட்டில் யார் எந்தக் கொடியைப் பிடித்தாலும் சாப்பிட ஒரே இடத்தில் உட்காரட்டும். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் சொன்னபடியே விழட்டும். கோபித்துக்கொண்டு தாண்டிப் போகிற கால்கள் உங்கள் வாசலுக்கு வந்ததும் நிதானமாகட்டும், உள்ளே வரட்டும். நல்லா இருங்க.